வெட்டாத செங்கல்: கிளிப்பான் நகரத்துப் புனித பேதுரு ஆலயம்



சுவீடன் நாட்டின் தென்கோடியில் ஸ்கோனே என்றொரு மாகாணம் இருக்கிறது. 1658 வரை அது டென்மார்க்கின் மண். அதன் வடமேற்கில், ரோன்னே ஆற்றங்கரையில், கிளிப்பான் என்ற சிற்றூர். 1573இல் அங்கே ஒரு காகிதப் பட்டறை தொடங்கியது. அந்த ஆலையாலும், பின்னால் வந்த ரயில் பாதையாலும் ஊர் வளர்ந்தது. மன்னர்கள் முடிசூடிய ஊரில்லை. புனிதர்கள் அடங்கிய ஊருமில்லை. ஆலைத் தொழிலாளர்களும் கடைக்காரர்களும் பள்ளி ஆசிரியர்களும் வாழ்ந்த சாதாரண ஊர். அந்த ஊரின் லுத்தரன் சபை 1966இல் பூங்கா ஒன்றின் ஓரத்தில் தனக்கென ஓர் ஆலயத்தைக் கட்டி முடித்தது. வானளாவிய கோபுரம் அதற்குக் கிடையாது. வண்ணக் கண்ணாடி ஓவியம் கிடையாது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்குக் கருஞ்சிவப்பும் பழுப்பும் கலந்த தாழ்ந்த செங்கல் சுவர்கள் மட்டுமே தெரியும். ஆனால் இருபதாம் நூற்றாண்டில் எழுந்த கிறிஸ்தவ ஆலயங்களில் மிக உயர்ந்தவை என்று கட்டடக் கலைஞர்கள் எண்ணும்போது, அந்தச் சிறிய பட்டியலில் இதன் பெயர் தவறுவதில்லை.

இன்று இந்த ஒரே கட்டடத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அவையில் கட்டடக்கலை மாணவர்களும் இருக்கிறீர்கள், லுத்தரன் சபையாரும் இருக்கிறீர்கள். இரு தரப்பாருக்கும் இந்த ஆலயத்தோடு உறவு உண்டு. 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானது. 1921இல் அதன் முதல் பேராயரானவர் ஏர்ன்ஸ்ட் ஹேமன் என்ற சுவீடன் தேசத்தார். அவருக்குப் பின் வந்த பெக்ஸலும் சாண்டெகிரனும் அதே நாட்டவர்கள். 1956இல் ராஜா பி. மாணிக்கம் பொறுப்பேற்கும்வரை அந்தத் திருச்சபையின் பேராயர்கள் அனைவரும் சுவீடன்காரர்களே. ஆகவே இது எங்கோ இருக்கும் யாரோ ஒருவர் சபை அல்ல. உங்கள் ஆராதனை முறையின் வேர் ஓடிய நிலத்தில், உங்கள் விசுவாசப் பிரமாணங்களையே சொல்லும் ஒரு சபை, நவீன காலத்தில் தனக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று முடிவு செய்த கதை இது.

அந்த வீட்டைக் கட்டிக் கொடுத்தவரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அவர் வாழ்க்கையை அறியாமல் அந்தச் சுவர்களைப் புரிந்துகொள்வது கடினம்.

சிகுர்ட் லெவெரென்ட்ஸ் 1885இல் பிறந்தார். சுவீடனின் வடக்குப் பகுதியில், சாண்டோ கண்ணாடித் தொழிற்சாலையை நடத்திய குடும்பம். சூளையும் உருகும் கண்ணாடியும் பார்த்து வளர்ந்த பிள்ளை. கோத்தன்பர்க்கின் சால்மர்ஸ் கல்லூரியில் அவர் முதலில் படித்தது இயந்திரப் பொறியியல். கட்டடக்கலை பிறகு வந்தது. ஜெர்மனியில் மியூனிக் நகரக் கலைஞர்களிடம் வேலை பார்த்துத் திரும்பியபின், 1910இல் ஸ்டாக்ஹோமில் சில இளைஞர்கள் அரசுக் கல்விக்கூடத்தின் பாடமுறை பிடிக்காமல் தாங்களே தொடங்கிய கிளாரா பள்ளியில் சேர்ந்தார். அங்கே உடன் பயின்றவர் குன்னார் அஸ்ப்லுண்ட். 1915இல் ஸ்டாக்ஹோமின் தெற்கே காட்டுக்குள் ஒரு கல்லறைத் தோட்டம் அமைப்பதற்கான போட்டியில் இருவரும் சேர்ந்து வென்றார்கள். பைன் மரங்களை வெட்டி நிரவாமல், அந்தக் காட்டையே இறந்தோரின் இடமாக்கிய அந்தத் தோட்டம் 1994இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அந்தத் தோட்டத்துக்குள் லெவெரென்ட்ஸ் 1925இல் கட்டிய உயிர்த்தெழுதல் சிற்றாலயம் இருக்கிறது. செவ்வியல் அளவுமுறையை அவ்வளவு தூய்மையாகக் கையாண்ட கட்டடம் அந்தத் தலைமுறையில் வேறு இல்லை என்பேன்.

இருபது ஆண்டு உழைத்தபின் அடி விழுந்தது. 1930களின் நடுவில், தோட்டத்தின் முதன்மைக் கட்டடமான தகன மண்டபத்தை அஸ்ப்லுண்ட் ஒருவரிடமே கொடுத்தார்கள். லெவெரென்ட்ஸ் விலக்கப்பட்டார். ஐம்பது வயது ஆகியிருந்தது. நண்பரோடு இருந்த உறவும் முறிந்தது. மால்மோ நகரின் கிழக்குக் கல்லறைத் தோட்டம் அவர் கையில் தங்கியது. அதை 1916 முதல் வாழ்நாள் முழுவதும் விடாமல் செய்துவந்தார். மற்றபடி அவர் போய்ச் சேர்ந்தது எஸ்கில்ஸ்டூனா என்ற இரும்புத் தொழில் நகரத்தில், ஐடெஸ்டா என்ற பெயரில் தானே நடத்திய தொழிற்கூடத்துக்கு. அங்கே கதவு, சன்னல் சட்டங்கள், கீல்கள், பூட்டுப் பொருத்துகள் செய்தார். உலோகத்தில் செய்தார், நுணுக்கமாகச் செய்தார், காப்புரிமைகளும் பெற்றார்.

பலர் எழுதும் வரலாற்றில் இந்த இருபது ஆண்டுகள் வனவாசம் என்று ஒரு வரியில் கடந்துபோகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. சுவரும் சன்னலும் சந்திக்கும் அந்த ஒரு விரல் அகலத்தில் என்ன நடக்கிறது என்பதை இத்தனை காலம் கையால் தொட்டு ஆராய்ந்த வேறு பெரிய கட்டடக் கலைஞர் யார்? மழை எங்கே புகும், குளிர் எங்கே கசியும், கண்ணாடி எங்கே விரியும், இரும்பு எங்கே துருவேறும் என்பதையெல்லாம் அவர் அறிந்தது அந்தப் பட்டறையில்தான். கிளிப்பானில் நாம் பார்க்கப்போகிற எல்லாவற்றுக்கும் தயாரிப்பு அங்கே நடந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய சுவீடன் வீடுகள் கட்டிக்கொண்டே இருந்த நாடு. நகரங்களின் விளிம்பில் புதுக் குடியிருப்புகள் எழுந்தன; அவற்றுக்குப் பள்ளி, கடைத்தெரு, நூலகம் வந்தன; கூடவே சபைக்கு ஆலயமும் தேவைப்பட்டது. சுவீடன் திருச்சபை அப்போது அரசோடு இணைந்திருந்தது. அந்த இணைப்பு 2000இல்தான் விலகியது. ஏறக்குறைய குடிமக்கள் எல்லாரும் பிறப்பாலேயே அதன் உறுப்பினர்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் குறைவு. இந்த முரண்தான் அக்காலத்துக் குருமார்களைச் சிந்திக்க வைத்தது. வருகிற சிலர் நீண்ட மண்டபத்தின் பின்வரிசைகளில் சிதறி உட்கார்ந்து, தொலைவில் நிற்கும் ஒருவரை வேடிக்கை பார்ப்பதற்குப் பெயர் ஆராதனையா என்று கேட்டார்கள்.

லுத்தரன் விசுவாசத்தின்படி இது அடிப்படையான கேள்வி. 1530இல் எழுதப்பட்ட ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் ஏழாம் பிரிவை நினைத்துப் பாருங்கள். திருச்சபை என்பது விசுவாசிகளின் கூட்டம். சுவிசேஷம் தூய்மையாகப் போதிக்கப்படுவதும் திருவருட்சாதனங்கள் முறையாக வழங்கப்படுவதும் அதன் அடையாளம். இவ்வளவே. கோபுரத்தைப் பற்றியோ கிழக்குத் திசையைப் பற்றியோ அங்கே பேச்சில்லை. 1544இல் டோர்காவ் கோட்டைக்குள் எழுந்த சிற்றாலயத்தை லுத்தரே பிரதிஷ்டை செய்தார். புராட்டஸ்டண்ட் ஆராதனைக்கென்றே புதிதாகக் கட்டப்பட்ட ஆலயங்களில் முதல்வரிசையில் வருவது அது. ஒரே எளிய அறை. பிற்காலத்தில்தான் கோதிக் மோகம் வந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலயமென்றால் கூர்நுனி வளைவும் நீண்ட நடுமண்டபமும் என்றாகிப்போனது. போருக்குப் பிந்திய தலைமுறை மீண்டும் முதலிலிருந்து தொடங்கியது. சபையார் பலிபீடத்தின் எதிரே வரிசையாக அமராமல் அதைச் சூழ்ந்து நிற்க வேண்டும் என்று இறையியலாளர்கள் சொன்னார்கள். கிளிப்பான் ஆலயத்துக்கு இந்தச் சிந்தனையைக் கொண்டுவந்தவர் இறையியலாளர் லார்ஸ் ரிடர்ஸ்டெட். அவரும் லெவெரென்ட்ஸும் நீண்ட உரையாடல்களில் ஈடுபட்டார்கள்.

லெவெரென்ட்ஸ் அதற்கு முன்பே ஓர் ஆலயம் கட்டியிருந்தார். ஸ்டாக்ஹோமின் பியோர்க்ஹாகன் குடியிருப்பில், பூர்ச்ச மரங்கள் அடர்ந்த ஈர நிலத்தில், 1960இல் முடிந்த புனித மாற்கு ஆலயம். போட்டியில் வென்று கட்டியது. சுவீடனில் கட்டடங்களுக்கு வழங்கப்படும் காஸ்பர் சாலின் பரிசு 1962இல் முதன்முறையாகத் தரப்பட்டபோது அதைப் பெற்றதும் இந்த ஆலயம்தான். ஆனால் அங்கே மண்டபம் இன்னும் நீள்சதுரமாகவே இருந்தது. சபை சூழ்ந்திருக்கும் அமைப்பை முழுமையாகச் செய்துபார்க்க வாய்ப்புக் கிடைத்தது கிளிப்பானில். வேலை கையில் வந்தபோது அவருக்கு வயது எழுபத்தேழை ஒட்டி.

இப்போது வரைபடத்தைத் திரையில் பாருங்கள். பக்கத்துக்குச் சுமார் 18 மீட்டர் கொண்ட ஒரு சதுரம். அதுதான் ஆராதனைக் கூடம். அதை இரண்டு பக்கம் அணைத்து நிற்கிறது இன்னொரு கட்டடம்: சபை அலுவலகம், கூட்ட அறைகள், இளைஞர்களுக்கான இடம். இரண்டுக்கும் நடுவே, மேலே வானம் திறந்த ஒரு குறுகிய தெரு. ஆலயத்துக்கு வருகிறவர்களும் கூட்டத்துக்கு வருகிறவர்களும் அதே தெருவில் நடக்கிறார்கள். ஞாயிறு ஆராதனையையும் வாரநாள் வேலையையும் எதிரெதிரே வைத்து, இடையில் நாலடி நடக்கச் செய்த இந்த ஏற்பாட்டை மாணவர்கள் கவனிக்க வேண்டும். நம் ஊரில் ஆலயத்தை வளாகத்தின் நட்டநடுவே தனியாக நிறுத்தி, சபை மன்றத்தைப் பின்னால் ஒரு மூலைக்குத் தள்ளுவதே வழக்கமாக இருக்கிறது.

பிரம்மாண்டமான முகப்பு வாசலைத் தேடினால் கிடைக்காது. திருமணங்களுக்கான ஒரு சிறிய சிற்றாலயத்தின் வழியாகத்தான் உள்ளே போகிறோம். தாழ்வான, மங்கலான இடம். அங்கிருந்து திரும்பிக் கூடத்துக்குள் காலை வைத்ததும் முதலில் கண் தோற்றுப்போகிறது. அவ்வளவு இருட்டு. சில நிமிடங்களில் ஒன்றொன்றாகத் துலங்கும்: மேலே செங்கல், பக்கத்தில் செங்கல், காலடியில் செங்கல், எதிரே பலிபீடமும் செங்கல்.

இந்தச் செங்கல்லின் கதைதான் நான் இன்று நிதானமாகச் சொல்ல விரும்புவது.

ஹெல்சிங்போர்க் நகரத்துச் சூளையில் வெந்த கல் அது. நன்றாக வெந்து, சில கற்கள் கருகி, ஊதாவும் பழுப்பும் கருஞ்சிவப்புமாக ஒன்றுபோல் ஒன்றில்லாமல் இருக்கும். நம் ஊரில் இப்படி நிறம் மாறிய கல்லைக் கொத்தனார் ஒதுக்கி வைத்து அடித்தளத்துக்குள் போட்டு மறைத்துவிடுவார். லெவெரென்ட்ஸ் அதை முகப்பில் வைத்தார். அதோடு ஒரு நிபந்தனையும் விதித்தார்: எந்தக் கல்லையும் வெட்டக்கூடாது.

மாணவர்கள் பலருக்கு இது எவ்வளவு கடினமான நிபந்தனை என்று உடனே விளங்காது. கட்டுவேலை தெரிந்தவர்களுக்கு விளங்கும். சுவர் மூலையில் திரும்பும்போது, சன்னல் ஓரத்தில் முடியும்போது, வரிக்கு வரி சந்து மாற்றி அமைக்கும்போது, அரைக்கல்லும் முக்கால் கல்லும் இல்லாமல் வேலை ஓடாது. கரணையால் ஒரு தட்டுத் தட்டி உடைத்துப் பொருத்திவிட்டு அடுத்த கல்லை எடுப்பார் கொத்தனார். நூற்றாண்டுகளாக உலகமெங்கும் நடப்பது அதுதான். அந்தத் தட்டு இங்கே கூடாது. அப்படியானால் அளவு எங்கே இசைந்து கொடுக்கும்? சாந்தில்தான் கொடுக்க முடியும். ஆகவே கிளிப்பானில் சாந்துச் சந்துகள் ஒரே அளவில் இல்லை. ஓரிடத்தில் விரல் கனம், ஓரிடத்தில் கை கனம். கற்கள் நெருங்கியும் விலகியும் இருக்கின்றன. சில இடங்களில் கற்களைவிடச் சாந்தே மிகுதியாகத் தெரியும். பாயிண்டிங் செய்து கோடு இழுத்து மினுக்கவும் இல்லை. சாந்து ஈரமாக இருக்கும்போதே சாக்குத் துணியால் தேய்த்து விட்டார்கள். அதனால் கல்லின் விளிம்பில் சாந்து படிந்து, சுவர் முழுவதும் ஒரே தோல் போர்த்தியதாகத் தோன்றுகிறது.

அனுபவம் மிக்க கொத்தனார்கள் கற்ற பாடத்தையெல்லாம் ஒதுக்கி வைக்க வேண்டிய வேலை அது. நூல் பிடித்து, ரசமட்டம் வைத்து, சந்தெல்லாம் ஒரே அளவாக ஓட்டுவதுதான் அவர்கள் பெருமைப்படும் திறமை. இங்கே ஒவ்வொரு கல்லுக்கும் நின்று யோசிக்க வேண்டும். ஆகவே வயதான அந்த மனிதர் வேலை நடக்கும் இடத்திலேயே இருந்தார். வரைபடத்தில் முடித்துவிட முடியாத முடிவுகளைச் சுவர் எழ எழ, கொத்தனாரின் பக்கத்தில் நின்று எடுத்தார். எழுதாதவர், மேடை ஏறாதவர், தன் கட்டடங்களை விளக்கிப் பேசாதவர் அவர். பேச வேண்டியதைக் கொத்தனார்களிடம் மட்டுமே பேசினார் என்று கொள்ளலாம். அவருடைய வரைபடங்கள் இப்போது ஸ்டாக்ஹோமின் தேசியக் கட்டடக்கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 2021இல் அங்கே நடந்த பெரிய கண்காட்சி அவற்றைப் பொதுமக்கள் பார்வைக்குக் கொண்டுவந்தது.

ஏன் இந்தப் பிடிவாதம்? அவர் காரணம் சொல்லிவிட்டுப் போகவில்லை. கட்டடத்தைப் படித்து நான் அடைந்த விளக்கத்தைச் சொல்கிறேன். ஒரே கல், அதுவும் முழுக்கல், தரையாகிறது. அதே கல் சுவராகிறது. அதே கல் கூரை வளைவாகிறது. அதே கல் பிரசங்க பீடமாகவும் குருவானவரின் இருக்கையாகவும் பலிபீடமாகவும் எழுகிறது. பலிபீடத்துக்கென்று பளிங்கு வரவழைக்கவில்லை. சபையார் காலணியோடு மிதித்து வரும் கல்லுக்கும் அப்பமும் ரசமும் வைக்கும் கல்லுக்கும் சூளையில் வேறுபாடு கிடையாது. விசுவாசிகள் அனைவரும் ஆசாரியர்கள் என்ற லுத்தரின் போதனையைப் பிரசங்கத்தில் எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். அதைக் கட்டுவேலையில் இவ்வளவு நேர்மையாகச் செய்துகாட்டிய இன்னொரு ஆலயத்தை நான் அறியேன். கல் எதையும் சிறிதாக்காமல், எல்லாவற்றையும் முழுதாக வைத்துக்கொண்டு, பொருத்தும் பொறுப்பைச் சாந்திடம் கொடுத்துவிட்டார்.

தரையில் மட்டும் கற்கள் திசை மாறி மாறி ஓடுகின்றன. நடக்கும் வழி, நிற்கும் இடம், பலிபீடத்தைச் சுற்றிய பகுதி ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வரிசை. வாசல் பக்கமிருந்து பலிபீடம் நோக்கித் தரை மெல்லச் சரிகிறது. கண் சரிவாக உணராத அளவுதான். ஆனால் கால் உணரும். நிலையான பெஞ்சுகள் இல்லை. தனித்தனி நாற்காலிகள்; பலிபீடத்தைச் சூழ்ந்து போடப்படுகின்றன. முற்றத்தில் பாட்டியைச் சுற்றிக் கதை கேட்க உட்காரும் பிள்ளைகளின் நெருக்கம் அதில் இருக்கிறது. நாற்காலி குறைவாகத் தேவைப்படும் நாளில் குறைவாகப் போடலாம். நாற்பது பேர் வந்தாலும் கூடம் காலியாகத் தோன்றாது. பின்வரிசையில் சிதறிய சபை என்ற அந்தப் பழைய கவலைக்கு இதைவிட எளிய விடை எது?

சன்னலுக்கு வருவோம். ஐடெஸ்டா பட்டறை இங்கேதான் பலன் தருகிறது. சன்னல் என்றால் நாம் முதலில் நினைப்பது நிலை. சுவரில் நிலையை நட்டு, அதில் கதவைப் பொருத்தி, கதவில் கண்ணாடியைப் பதிப்போம். கிளிப்பானில் நிலை இல்லை. சுவரில் ஒரு துளை; செங்கற்கள் துளையின் விளிம்புவரை வந்து அப்படியே நிற்கின்றன. துளையைவிடப் பெரிய இரட்டைக் கண்ணாடித் தகடு ஒன்றைச் சுவரின் வெளிமுகத்தில் ஒட்டினாற்போல் வைத்து, உலோகப் பிடிகளால் இறுக்கி, ஓரங்களைப் பசையால் அடைத்துவிட்டார். அவ்வளவுதான். உள்ளே நின்று பார்த்தால் கண்ணாடி இருப்பதே தெரியாது. சுவரில் வெறும் திறப்பு, அதற்கப்பால் மரமும் வானமும். வெளியே நின்று பார்த்தால் துளை தெரியாது. செங்கல் சுவர்மேல் வானத்தைக் காட்டும் கண்ணாடி மட்டும். கண்ணாடியையும் செங்கல்லையும் சந்திக்க வைக்கும்போது இரண்டில் எதையும் வெட்டவில்லை, செதுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். செங்கல்லுக்கு விதித்த நிபந்தனை இங்கேயும் காக்கப்படுகிறது. கண்ணாடித் தொழிற்சாலை வீட்டில் பிறந்து, சன்னல் சட்டம் செய்து பிழைத்த ஒருவர், எண்பதை நெருங்கும் வயதில் சன்னல் சட்டமே வேண்டாம் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். சட்டத்தின் ஒவ்வொரு பயனையும் அறிந்தவரால்தான் அதை விட முடியும்.

கூடத்தின் நடுவுக்குச் சற்று விலகி நிற்கிறது ஓர் இரும்புத் தூண். அதன் தலையில் குறுக்காக ஓர் உத்தரம். அதன் மேல் நீள உத்தரங்கள். அந்த உத்தரங்களிலிருந்து செங்கல் வளைவுகள் வரிசையாகக் கூரை முழுவதும் ஓடுகின்றன. இரும்பு உத்தரங்களுக்கு நடுவே செங்கல் வளைவு வைக்கும் முறை நமக்குப் புதிதல்ல. ஆங்கிலேயர் காலத்து ரயில் நிலையங்களிலும் அரசு அலுவலகங்களிலும் தலையை நிமிர்த்திப் பார்த்தால் இன்றும் தெரியும். அங்கே எல்லா வளைவும் ஒரே அகலம். இங்கே உத்தரங்கள் ஒன்றுக்கொன்று சரியாக இணையாக ஓடவில்லை. வளைவுகள் ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகுகின்றன. அதனால் அந்தக் கனமான கூரைக்கு ஓர் அசைவு வந்துவிடுகிறது.

தூணும் குறுக்கு உத்தரமும் சேர்ந்து சிலுவை வடிவம் கொள்கின்றன. பூசாத, மினுக்காத, துரு நிற இரும்பு. சிலுவையைச் சுவரில் மாட்டிவைப்பது எங்கும் உள்ள வழக்கம். இங்கே சிலுவை கூரையைத் தாங்குகிறது. அதை எடுத்துவிட்டால் ஆலயம் விழும். இதற்கு மேல் விளக்கம் சொல்லி அதைச் சிறிதாக்க நான் விரும்பவில்லை.

அடுத்தது ஞானஸ்நானத் தொட்டி. தொட்டி என்று சொல்வதைவிட, அது பெரிய கடற்சிப்பி ஒன்று. இரும்புத் தாங்கியின்மேல் அது நிற்கிறது. அதற்குக் கீழே செங்கல் தரை பிளந்திருக்கிறது, பிளவுக்குள் தண்ணீர். சிப்பியிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாக அந்தப் பிளவுக்குள் விழுந்துகொண்டே இருக்கிறது. ஆராதனையின் மௌனங்களில் அந்த ஓசை கூடம் முழுவதும் கேட்கும். நம் ஆலயங்கள் பலவற்றில் ஞானஸ்நானத் தொட்டி மூடி போட்டு மூலையில் இருக்கும். குழந்தை வரும் நாளில்தான் மூடியைத் திறப்போம். தன் ஞானஸ்நானத்தை ஒவ்வொரு நாளும் நினைவுகூர வேண்டும் என்று ஞானோபதேசத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். கிளிப்பானில் அதைத் தண்ணீரே சொல்கிறது. எழுபது வயது மூதாட்டியின் காதிலும் சொல்கிறது, ஆறு மாதக் குழந்தையின் காதிலும் சொல்கிறது.

இருட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த ஆலயத்தின்மேல் வைக்கப்படும் குறை அதுதான். வட ஐரோப்பாவில் குளிர்காலப் பகல் மிகக் குறுகியது. வெளிச்சத்துக்கு ஏங்கும் மக்களுக்கு இப்படி ஒரு கூடமா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. கண் பழகும்வரை முதியவர்கள் தடுமாறக்கூடும். பாட்டுப்புத்தகத்தின் எழுத்து துலங்க விளக்கின் பக்கம் சாய வேண்டியிருக்கும். தாழத் தொங்கும் விளக்குகள் அதற்காகவே இருக்கின்றன. அவை கூடத்தை நிறைப்பதில்லை, உட்கார்ந்தவர்கள்மேல் மட்டும் விழுகின்றன. இந்த விலையைச் சபையார் அறிந்தே கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன். விலை கொடுத்து அவர்கள் பெற்றது பெரிது. கண்ணுக்கு அதிகம் இல்லாத இடத்தில் காது விழித்துக்கொள்கிறது. வாசிக்கப்படும் வசனமும் பிரசங்கமும் பாட்டும் சொட்டும் நீரும் துல்லியமாகின்றன. காதுக்கு முதலிடம் தந்த சீர்திருத்தத்தின் பிள்ளைகளுக்கு இது பொருந்தாத கொடை அல்ல. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் முகம்தான் அங்கே நன்றாகத் தெரிகிற பொருள். எதிரே இருளில் கரையும் சுவர் தெரியாது.

இந்த ஆலயத்தைப் புரூட்டலிசம் என்ற கட்டடக்கலைப் பாணிக்குள் அடைத்தவர்கள் உண்டு. 1966இல் கட்டடக்கலை விமர்சகர் ரெய்னர் பான்ஹம் அந்தப் பாணியைப் பற்றி எழுதிய நூலில் புனித மாற்கு ஆலயத்தைச் சேர்த்துக்கொண்டார். எனக்கு அந்த வகைப்பாடு உதவவில்லை. அந்தப் பாணியில் எழுந்த பல கட்டடங்கள் தம் பலத்தைத் தெருவுக்கு உரக்க அறிவித்தன. கிளிப்பான் ஆலயம் ஊருக்கு எதையும் அறிவிக்கவில்லை. பக்கத்து மரங்களைவிடத் தாழ்ந்து நிற்கிறது.

ஆலயம் முடிந்தபோது லெவெரென்ட்ஸுக்கு எண்பத்தொன்று. அதற்குப் பிறகும் ஓயவில்லை. 1969இல், அரை நூற்றாண்டாகச் செய்துவந்த மால்மோ கல்லறைத் தோட்டத்தின் வாசலில் ஒரு சிறிய பூக்கடையைக் கட்டினார். கான்கிரீட் சுவர், சரிந்த செம்புக் கூரை, கிளிப்பானில் செய்ததைப்போலவே சுவரின் வெளிமுகத்தில் பதித்த கண்ணாடி. 1975 டிசம்பரில், தொண்ணூறாம் வயதில் இறந்தார். அஸ்ப்லுண்ட் 1940இலேயே போய்விட்டிருந்தார். நெடுங்காலம் அவர் பெயருக்குப் பின்னால் மறைந்திருந்த லெவெரென்ட்ஸின் பெயர், இந்த இரண்டு ஆலயங்களால்தான் உலகத்துக்கு மீண்டும் தெரிந்தது.

கிளிப்பானின் காகித ஆலை மூடப்பட்டுவிட்டது. நானூறு ஆண்டுக்கும் மேல் ஓடிய ஆலை. சுவீடன் திருச்சபையின் உறுப்பினர் எண்ணிக்கையும் சரிந்திருக்கிறது. 1970களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இருந்தது, இன்று ஏறக்குறைய பாதிதான். ஆலயத்தைத் தேடி வரும் கட்டடக் கலைஞர்களோ கூடிக்கொண்டே போகிறார்கள். உங்களில் யாராவது ஒருநாள் அங்கே போவீர்கள் என்று நம்புகிறேன். போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரநாளில் சாவி வாங்கித் திறந்து, படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை போங்கள். சுவீடன் மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஆராதனை ஒழுங்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். நாற்காலிகளில் ஒன்றில் அமர்ந்து, நற்கருணைக்கு அழைக்கும்போது மற்றவர்களோடு எழுந்து அந்தச் செங்கல் பலிபீடத்தைச் சூழ்ந்து நில்லுங்கள். தரையின் சரிவு எதற்கு, நாற்காலி ஏன் தனித்தனி, கூடம் ஏன் சதுரம் என்று நான் இங்கே வரைபடத்தை வைத்துச் சொன்னவை உண்மையா என்று அப்போது நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.